எல்லை தாண்டி வரும் கோழிக்குஞ்சுகள்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசுவோர் தீவனத்தில் தொடங்கி முட்டை விலையில் முடிப்பது வழக்கம். குஞ்சு வாங்குவதை ஒரு சிறு செயலாகக் கருதி ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர். பெரும் பண்ணையாளருக்கு இது பொருந்தலாம். அவருக்குக் குஞ்சு அளிக்கும் நிறுவனம் உண்டு. கால்நடை மருத்துவர் உண்டு. குறை நேர்ந்தால் முறையிட இடமும் உண்டு. வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழி வளர்க்க விரும்பும் குடும்பத்தின் நிலை வேறு. அங்கே ஆதாயமும் நட்டமும் பெரும்பாலும் குஞ்சு வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. பாலக்காடு, இடுக்கி ஆகிய கேரள மாவட்டங்களின் எல்லைப்புறச் சிற்றூர்களை எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும்.

பாலக்காட்டுக் கணவாயின் வழியே வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் எனப் பல வாயில்கள் தமிழ்நாட்டை நோக்கித் திறந்திருக்கின்றன. தெற்கே இடுக்கியில் குமுளியும் கம்பம்மெட்டும் போடிமெட்டும் தேனி மாவட்டத்துக்கு இறங்குகின்றன. மறையூரிலிருந்து சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்குச் சாலை செல்கிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலும், பீர்மேடு, தேவிகுளம், உடும்பஞ்சோலை வட்டங்களின் தோட்டக் குடியிருப்புகளிலும் தமிழ் பேசும் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். இவர்களுக்குச் சந்தை ஒரு மாநிலத்திலும், கால்நடை மருத்துவமனை மற்றொரு மாநிலத்திலும் அமைந்திருப்பது அன்றாட நடைமுறை. காய்கறியும் வைக்கோலும் வரும் அதே சாலைகளில்தான் கோழிக்குஞ்சும் வருகிறது.

கேரளத்துக்கு வேண்டிய கோழிகளிலும் முட்டைகளிலும் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து செல்வதற்குக் காரணங்கள் உள்ளன. மக்காச்சோளமும் சோளமும் விளையும் வறண்ட நிலப்பரப்பு இங்கே உண்டு, மழை குறைவு, நிலத்தின் விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. நாமக்கல் முட்டைக் கோழிக்கும், பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரம் கறிக்கோழிக்கும் பெயர் பெற்றன. 1990-களில் பரவிய ஒப்பந்த வளர்ப்பு முறை, குஞ்சு பொரிப்பகம், தீவன ஆலை, பண்ணை ஆகிய மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியது. கேரளத்தில் 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம்வரை கறிக்கோழி மீது 14.5 விழுக்காடு வரி இருந்தது. அந்நாளில் சோதனைச் சாவடிகளைத் தவிர்த்துக் குறுக்குப் பாதைகளில் கோழி கடத்தப்படுவது எல்லைப்புறத்தில் அனைவரும் அறிந்த செய்தி. சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அந்தக் காரணம் மறைந்தது; ஆயினும் குஞ்சு வரும் திசை மாறவில்லை.

கேரள அரசு இதில் வாளாவிருந்ததாகக் கூறவியலாது. மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகம் 1989-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. செங்கன்னூரில் மையப் பொரிப்பகமும், பாலக்காடு மாவட்டத்தில் மலம்புழாவில் மண்டலக் கோழிப் பண்ணையும், இடுக்கி மாவட்டத்தில் தொடுபுழாவை அடுத்த கோலானியில் மாவட்டக் கோழிப் பண்ணையும் உள்ளன. மண்ணுத்தியில் நடந்த ஆய்வின் பயனாக ஆஸ்திரலார்ப், வெள்ளை லெகார்ன் ஆகிய இரு இனங்களின் கலப்பான ‘கிராமலட்சுமி’ கொல்லைப்புற வளர்ப்புக்குக் கிடைத்தது. பாலக்காடு மாவட்டத்திலேயே திருவிழாங்குன்னில் பறவையியல் கல்லூரி ஒன்றும் இயங்குகிறது. இவ்வளவு இருந்தும் குமுளியில் வாழும் ஒரு தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்குக் கோலானி எட்டாத தொலைவாகவே இருக்கிறது. அது மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் மலைப்பாதைக்கு அப்பால் உள்ளது. கம்பமோ சில கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே இருக்கிறது. அரசுப் பண்ணையில் பெயர் பதிந்து முறைக்காகக் காத்திருப்பதைவிட, அடுத்த பேருந்தில் இறங்கித் தீவனக் கடையில் குஞ்சு வாங்கி வருவதைக் குறைகூற முடியாது.

மூன்று வழிகள்

எல்லைப்புறத்தில் குஞ்சு மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. தீவனக் கடையில் முன்பணம் கொடுத்தால், பொரிப்பகத்திலிருந்து குறிப்பிட்ட நாளில் ஒரு நாள் வயதுக் குஞ்சு வரும். இது முதல் வழி. இரு சக்கர வண்டியில் கூடையைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வரும் வியாபாரி இரண்டாவது வழி. அரசின் ஒப்புதல் பெற்ற ‘எக்கர் நர்சரி’ எனப்படும் குஞ்சு வளர்ப்பு நிலையம் மூன்றாவது. இந்நிலையத்தினர் ஒரு நாள் குஞ்சைப் பெற்று, நாற்பத்தைந்து முதல் அறுபது நாள்வரை வளர்த்து, உரிய தடுப்பூசிகளைப் போட்டு விற்கின்றனர். ஊராட்சித் திட்டங்களின் கீழ்ப் பயனாளிகளுக்கு வழங்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் இத்தகையவையே.

விலையை மட்டும் நோக்கினால் தெருவியாபாரியின் குஞ்சு மிக மலிவு. நிலையத்துக் குஞ்சு பன்மடங்கு அதிகம். மலிவு எதனால் என்று கேட்பதுதான் வாங்குவோரின் முதல் வேலை.

முட்டைக் கோழிக் குஞ்சு பொரிப்பகத்தில் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல். முட்டைப் பண்ணைக்குச் சேவலால் பயனில்லை. இறைச்சிக்கும் அது மிக மெதுவாக வளரும். எனவே முதல் நாளிலேயே பால் பிரிக்கப்படுகிறது. குஞ்சின் கழிவாயைப் பார்த்து ஆண், பெண் அறியும் நுட்பத்தை 1920-களில் ஜப்பானியர் வகுத்தனர். அதன்பின் அது உலகெங்கும் பரவியது. பழுப்பு முட்டையிடும் கலப்பினங்கள் பலவற்றில் இத்துணைச் சிரமமும் தேவையில்லை. பொரித்தவுடனே பெட்டை பழுப்பாகவும் சேவல் வெளிர் நிறமாகவும் இருக்கும். இவ்வாறு கழிக்கப்பட்ட சேவற்குஞ்சுகளில் ஒரு பகுதி மிகக் குறைந்த விலைக்கு வெளியே வருகிறது. திருவிழாக்களிலும் வாரச் சந்தைகளிலும் இளஞ்சிவப்பு, பச்சை, ஊதாச் சாயம் தோய்த்து விற்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் இவையே. சில வாரங்களில் இறகு முளைக்கும்போது சாயம் போய்விடும். பிள்ளைகளின் விளையாட்டுக்காக வாங்குவோருக்கு இதனால் பெரிய இழப்பில்லை எனலாம். குஞ்சுக்கு அது இழப்புதான். ஆனால், ‘இவை ஐந்து மாதத்தில் முட்டையிடும்’ என்ற சொல்லை நம்பிப் பத்துக் குஞ்சு வாங்கிய குடும்பம், ஐந்து மாதம் குருணையும் தவிடும் இறைத்தபின் பத்துச் சேவல்களைக் காணும்போது அது விளையாட்டாக இராது.

பால் பிரிக்காத குஞ்சை வாங்குவதில் தவறில்லை. பத்தில் ஐந்து சேவலாக இருக்கும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற விலையைத் தந்து வாங்க வேண்டும். சேவலை விற்று ஓரளவு செலவை மீட்கலாம். நாட்டுச் சேவலுக்கு இரு மாநிலங்களிலும் நல்ல விலை உண்டு.

‘நாட்டுக்கோழி’ என்ற சொல்லைப் பற்றியும் இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அது இன்று இனப்பெயராக இல்லாமல் விற்பனைப் பெயராகிவிட்டது. சிறுவிடை, பெருஞ்சாதி என்று தமிழ்நாட்டார் அறிந்த கோழிகள் வேறு. கேரளத்தின் கரிய தலைச்சேரிக் கோழி வேறு. பல நிறம் கொண்ட கலப்பினங்களை வளர்த்து ‘நாட்டுக்கோழி’ என விற்பது முற்றிலும் வேறு. ஹைதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா, கிராமப்பிரியா போன்றவை கொல்லைப்புறத்துக்கென்றே உருவானவை. அவற்றின் சிறப்பை மறுப்பதற்கில்லை. நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டையோடு நின்றுவிடும்போது, நன்கு பேணப்பட்ட பழுப்புக் கலப்பினம் முந்நூறை நெருங்குகிறது. ஆனால் கலப்பினத்துக்கு அடைகாக்கும் குணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. நாட்டுக்கோழி வைத்திருக்கும் குடும்பம் தன் குஞ்சைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. கலப்பினத்துக்கு மாறிய குடும்பம் ஒவ்வொரு முறையும் கடைக்குச் செல்ல வேண்டும். முட்டை பெருகுவதற்குக் கொடுக்கும் விலையில் இதுவும் சேர்ந்தது. இதைச் சொல்லாமல் கலப்பினத்தை மட்டும் புகழ்வது நேர்மையான பரிந்துரை ஆகாது. ஐந்து கலப்பினப் பெட்டைகளோடு ஓரிரு நாட்டுப் பெட்டைகளையும் வைத்திருப்பது எல்லைப்புறக் குடும்பத்துக்கு ஏற்ற ஏற்பாடு.

கறிக்கோழிக் குஞ்சைக் கொல்லையில் விடுவது மற்றொரு பிழை. அது செறிவான தீவனத்தை உண்டு ஆறு வாரங்களில் எடை கூடுவதற்கென்றே உருவாக்கப்பட்டது. மூணாறு போல் 1,500 மீட்டர் உயரமுள்ள குளிர்ந்த இடங்களில், வேகமாக வளரும் அதன் உடலுக்கு வேண்டிய உயிர்வளியை இதயமும் நுரையீரலும் வழங்க முடியாமல் வயிற்றில் நீர் கோத்து இறப்பதுண்டு. கடைக்காரர் தரும் குஞ்சு மஞ்சளாகவும் கொழுகொழுவென்றும் இருப்பது மட்டும் போதிய சான்று அன்று.

மூன்று நாள் உணவு

கோழிக்குஞ்சைத் தொலைதூரம் அனுப்ப முடிவது இயற்கை அளித்த ஒரு வசதியால்தான். இருபத்தொரு நாள் அடையில் இருந்து வெளிவரும் குஞ்சு, முட்டையின் மஞ்சள் கருவில் எஞ்சியதைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு வருகிறது. அதைக் கொண்டு ஏறத்தாழ மூன்று நாள் தாங்கும். இந்த உண்மையை நம்பியே அமெரிக்க அஞ்சல் துறை 1918-ஆம் ஆண்டில் உயிருள்ள குஞ்சுகளை அஞ்சலில் ஏற்றுக்கொண்டது. பொரிப்பகம் ஓரிடத்திலும் வாங்குவோர் மற்றோரிடத்திலும் இருக்கலாம் என்ற நிலை அதனால் வலுப்பட்டது. கூடவே ஒரு தீங்கும் பரவியது. ‘புல்லோரம்’ எனப்படும் வெள்ளைக் கழிச்சல் நோய், தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வரக்கூடியது. குஞ்சை மட்டும் பார்த்து வாங்குவோர் தாயைப் பார்க்க இயலாது. ஆகவே தாய்க்கோழி மந்தையைச் சோதித்துச் சான்றளிக்கும் தேசியத் திட்டத்தை அந்நாடு 1935-இல் தொடங்கியது. வாங்குவோர் பார்க்க முடியாததை அவருக்காக வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதே அதன் கருத்து.

கூடையில் வரும் குஞ்சுக்கு அப்படிச் சொல்வோர் எவருமில்லை. எந்தப் பொரிப்பகம், என்று பொரித்தது, மாரெக் நோய்த் தடுப்பூசி அங்கே போடப்பட்டதா என்ற மூன்று கேள்விகளுக்கும் கடைக்காரர் விடை தர வேண்டும். மாரெக் தடுப்பூசி பொரித்த முதல் நாளில் பொரிப்பகத்திலேயே போடப்பட வேண்டியது. வீட்டுக்கு வந்தபின் அதற்கு வழியில்லை. நல்ல பொரிப்பகத்துப் பெட்டி நூறு குஞ்சு கொள்ளும். நான்கு அறைகள், அறைக்கு இருபத்தைந்து, பக்கங்களில் காற்றுத் துளைகள். நூற்றுக்கு இரண்டு குஞ்சு கூடுதலாக வைப்பது வழக்கம். அந்தப் பெட்டி கடையில் பிரிக்கப்பட்டுப் பலநாள் கூடையில் கிடந்தபின் வாங்குவதாயின் மூன்று நாள் கணக்கு முடிந்திருக்கும். தொப்புள் உலர்ந்து மூடியிருக்கிறதா, ஆசனவாயில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, கால் பளபளப்பாக இருக்கிறதா, மல்லாத்தி வைத்தால் உடனே புரண்டு எழுகிறதா எனப் பார்ப்பதற்கு ஒரு குஞ்சுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. கண் மூடித் தூங்குவது போல் நிற்பதை ‘சாது’ என்று எண்ணி எடுத்துவரக் கூடாது.

குப்பியின் கணக்கு

இனிச் சொல்லப்போவதே எல்லாவற்றிலும் முதன்மையானது. கோழிக் குடும்பங்களை ஒரே வாரத்தில் வெறுங்கூடாக்கும் நோய் இராணிக்கெட். 1920-களில் இமயமலை அடிவாரத்து இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் இப்பெயர் பெற்றது. உலகின் பிற பகுதிகளில் இங்கிலாந்து நகரமொன்றின் பெயரால் நியூகாசில் நோய் என்பர். தமிழ்ச் சிற்றூர்களில் இதனையும் வெள்ளைக் கழிச்சல் என்றே வழங்குகின்றனர். இதற்குச் சிகிச்சை இல்லை. தடுப்பு மட்டுமே உண்டு. குஞ்சுக்கு ஐந்து முதல் ஏழு நாள் வயதில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் மீண்டும் ஒரு முறை, எட்டாம் வாரத்தில் இறக்கையின் கீழ் ஊசி என்பது பொதுவான முறை. இடையே பதினான்காம் நாளில் கம்போரோ நோய்க்கும், ஆறாம் வாரத்தையொட்டி அம்மை நோய்க்கும் தடுப்பு உண்டு. மருந்தின் விலை மிகக் குறைவு. அப்படியிருந்தும் கொல்லைக் கோழிகளுக்கு அது போடப்படுவது அரிதாக இருக்கிறது.

அறியாமை இதற்கு முழுக் காரணம் அன்று. மருந்துக் குப்பி நூறு கோழிக்கோ அதற்கு மேற்பட்டவற்றுக்கோ உரிய அளவில்தான் வருகிறது. குளிரிலேயே அதை எடுத்துவர வேண்டும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீந்ததை வைத்துக்கொள்ள இயலாது. பத்துக் குஞ்சு வைத்திருக்கும் பெண்மணி பத்துச் சொட்டுக்காக ஒரு குப்பியைத் திறப்பதில்லை. மருத்துவமனையிலும் அதற்காகத் திறக்கத் தயங்குகின்றனர். பக்கத்து வீட்டுக் குஞ்சு மூன்று வாரம் மூத்தது. எதிர்வீட்டுக் குஞ்சு நேற்று வந்தது. ஒரே நாளில் அனைத்துக்கும் ஒரே மருந்து பொருந்தாது. இவ்வாறு ஒவ்வொரு வீடும் தனித்தனி நாளில் தனித்தனிக் கூடையிலிருந்து குஞ்சு வாங்குவதால், ஊரிலுள்ள எந்தக் குஞ்சும் உரிய நாளில் தடுப்பு மருந்து பெறாமல் போகிறது.

பெட்டி நூறு குஞ்சு கொள்கிறது. குப்பியும் நூறு குஞ்சுக்குப் போதுமானது. குஞ்சு வாங்கும் அலகு வீடு அன்று, பத்து வீடுகள் கொண்ட ஒரு தெரு என்று வைத்துக்கொண்டால் இவ்விரண்டும் பொருந்திவிடுகின்றன. பத்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் ஒரு பெட்டி வாங்கினால், எல்லாக் குஞ்சும் ஒரே வயது. ஆறாம் நாள் ஒரே குப்பி. இருபத்தெட்டாம் நாள் மற்றொன்று. கடைக்காரரும் பத்துக் குஞ்சு கேட்பவரிடம் பேசுவது போல் நூறு கேட்பவரிடம் பேசுவதில்லை. பொரிப்பகத்தின் பெயர் எழுதிய சீட்டைக் கேட்கவும், பெட்டியைப் பிரிக்காமல் தரும்படி வற்புறுத்தவும், வரும்போது இறந்திருந்தவற்றின் விலையைக் கழிக்கவும் அப்போது வாய்ப்புண்டு. பொரிப்பகத்தில் பால் பிரிக்கும் வசதி இருந்தால் பெட்டைகளை மட்டும் கேட்டும் பெறலாம்.

இதற்கான அமைப்பைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. 1998-இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்தின் அயல்கூட்டம் பத்து முதல் இருபது பெண்களைக் கொண்டது. எல்லைக்கு இப்பால் மகளிர் சுயஉதவிக் குழுவின் அளவும் ஏறக்குறைய அதுவே. கடனுக்காகவும் சேமிப்புக்காகவும் வாரந்தோறும் கூடும் இவ்வமைப்பு, குஞ்சுப் பெட்டிக்காக ஆண்டுக்கு ஒருமுறை முடிவெடுப்பது கடினமன்று. ஆனால் திட்டங்களின் நடைமுறை இதற்கு மாறாக அமைந்துவிடுகிறது. பயனாளிக்கு ஐந்து குஞ்சு, பத்துக் குஞ்சு என வீடுவீடாக எண்ணி வழங்குவது பதிவேட்டுக்கு எளிது. வழங்கியபின் தடுப்பு மருந்து யார் பொறுப்பு என்ற வரி பதிவேட்டில் இல்லை. குஞ்சு எண்ணிக்கையோடு, எட்டாம் வாரத்தில் உயிருடன் உள்ளவற்றின் எண்ணிக்கையையும் ஊராட்சிகள் கேட்கத் தொடங்கினால் நடைமுறை தானே திருந்தும்.

கூட்டாக வாங்க இயலாத குடும்பத்துக்கு நாற்பத்தைந்து நாள் கடந்த, தடுப்பூசி போட்ட குஞ்சே ஏற்றது. அதன் விலை அதிகம் என்று தோன்றினாலும், இறப்பு மிகுந்த முதல் ஆறு வாரங்களை வேறொருவர் தாண்டவைத்துத் தருகிறார் என்பதை மறக்கலாகாது. அந்த வயதில் சேவலையும் பெட்டையையும் கண்ணாலேயே பிரித்தறியலாம்.

ஒரே பெட்டி, இரு தட்பவெப்பம்

ஒரே பொரிப்பகத்தில் ஒரே நாளில் பொரித்த இரண்டு பெட்டிகளுள் ஒன்று மீனாட்சிபுரத்துக்கும் மற்றொன்று நெடுங்கண்டத்துக்கும் செல்வதாகக் கொள்வோம். முதல் வாரத்தில் குஞ்சுக்கு 35 பாகை செல்சியசு வெப்பம் தேவை. வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று பாகை வீதம் குறைக்கலாம். ஏப்ரல் மாதத்தில் பாலக்காட்டுப் பகல் 40 பாகையை எட்டுவதுண்டு. அங்கே பகலில் விளக்கு தேவையில்லை. தண்ணீரும் நிழலும் போதும். விளக்கு இரவுக்கு மட்டுமே. பேருந்தின் பின்புறத்தில் வெயில் படும்படி வைத்த பெட்டி வீடு சேருமுன்பே பாதி வறண்டுவிடும். ஆகவே விடியற்காலைப் பயணமே ஏற்றது. கணவாய்க் காற்று மற்றொரு தொல்லை. கொட்டகையில் குஞ்சுகள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று புகுகிறது என்று பொருள். தட்டிக்குக் கோணி கட்டுவது போதும்.

நெடுங்கண்டத்தில் நிலைமை தலைகீழ். கர்க்கடக மாதத்து மழையில் பகலிலேயே குஞ்சு நடுங்கும். நூறு குஞ்சுக்கு 200 வாட் அளவு வெப்பம் வேண்டும். அறுபது வாட் குண்டு விளக்கு மூன்று தொங்கவிட்டால் போதும் என்று முன்பு எளிதாகச் சொல்லிவிட முடிந்தது. இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் எல்.இ.டி. விளக்குகள், அவை வெளிச்சம் தரும், வெப்பம் தாரா. இதை அறியாமல் புது விளக்கைக் கட்டிவிட்டுக் காலையில் குவியலாக இறந்த குஞ்சுகளைக் காண நேரும். அகச்சிவப்பு விளக்கையோ பழைய குண்டு விளக்கையோ தேடி வாங்க வேண்டும். மழைக்கால இரவுகளில் மின்தடை மலைப்பகுதிக்குப் புதிதன்று. விளக்கு அணைந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கி, அடியில் உள்ளவை மூச்சடைத்து இறக்கும். மண்பானையில் கரிநெருப்பு இட்டுச் சாம்பலால் மூடி வைப்பது பழைய முறை. அது பயன்படும், ஆனால் அறையை முற்றிலும் அடைத்தால் புகை கொல்லும். மேற்புறம் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும்.

இதைவிடச் சிறந்த வழி வீட்டிலேயே இருக்கிறது. அடையில் அமர்ந்துள்ள நாட்டுக்கோழியின் கீழ், இருட்டியபின் பத்துப் பன்னிரண்டு குஞ்சை மெல்ல நுழைத்துவிட்டால் பெரும்பாலும் அது தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். காலையில் கொடாப்பைத் திறந்து பார்த்துக் கொத்துகிறதா என உறுதி செய்துகொள்ள வேண்டும். மின்சாரம் வேண்டாம், கீரிக்கும் காகத்துக்கும் காவலும் கிடைக்கும். பெட்டியைப் பத்து வீடாகப் பிரித்துக்கொள்ளும் தெருவில் இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தும்.

தரைக்கு விரிக்கும் கூளத்திலும் இரு மாவட்டங்களும் வேறுபடுகின்றன. நெல் விளையும் சித்தூர்ப் பகுதியில் உமிக்குப் பஞ்சமில்லை. ஏலத்தோட்டப் பகுதியில் உமி விலைக்கு வர வேண்டும். அங்கே மரச்சீவல் எளிது. எதுவாயினும் இரண்டு அங்குலக் கனம் வேண்டும். முதல் சில நாள் மேலே செய்தித்தாள் விரித்துக் குருணையையோ உடைத்த மக்காச்சோளத்தையோ தூவலாம். மலையில் கூளம் ஈரமானால் மூன்றாம் வாரத்தில் இரத்தக் கழிச்சல் தலைகாட்டும். அதனால் தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள ஈரக் கூளத்தை அன்றாடம் அள்ளி எறிவது மருந்தைவிட மலிவு.

எந்த மாதத்தில் வாங்குவது என்ற கேள்விக்கும் ஒரே விடை இல்லை. பாலக்காட்டு எல்லையில் மார்ச்சு முதல் மே வரை தவிர்க்கத்தக்கது. இடுக்கியில் ஜூன் முதல் ஆகஸ்டு வரையும், உயர்ந்த மலைகளில் டிசம்பர், ஜனவரிக் கடுங்குளிரும் தவிர்க்கத்தக்கவை. செப்டம்பர் இறுதியும் அக்டோபரும் இரண்டு இடத்துக்கும் ஓரளவு ஒத்துவரும். அப்போது வாங்கிய பெட்டை ஏறக்குறைய ஐந்து மாதத்தில் முட்டையிடத் தொடங்கும்.

எல்லை மூடப்படும் நாள்

கேரளத்தில் 2014-ஆம் ஆண்டு நவம்பரில் ஆலப்புழைப் பகுதி வாத்துகளில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. 2020 மார்ச்சில் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் அது தோன்றியது. 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பரவியபோது மாநில அரசு அதைப் பேரிடராக அறிவித்தது. இத்தகைய நாட்களில் வாளையாறும் குமுளியும் வேறு முகம் கொள்கின்றன. வண்டிகளுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்படுகிறது. கோழியும் குஞ்சும் முட்டையும் திருப்பி அனுப்பப்படுகின்றன. முன்பணம் கட்டியவர் குஞ்சுக்குக் காத்திருக்க, பொரிப்பகத்தில் பொரித்த குஞ்சு மூன்று நாளுக்கு மேல் காத்திராது. பால் வேறு, காய்கறி வேறு. குஞ்சுச் சரக்கைக் கிடங்கில் வைக்க இயலாது. அந்நாளில் குறுக்குப் பாதையில் கொண்டுவரப்படும் கூடை மலிவாகவே இருக்கும். ஊரிலுள்ள கோழிகள் அனைத்தையும் பணயம் வைத்து வாங்கும் மலிவு அது.

நோயற்ற நாளிலும் புதுக் குஞ்சைப் பழைய கோழிகளோடு இரண்டு, மூன்று வாரம் கலக்காமல் வைப்பது நல்லது. குஞ்சுக்குத் தீனி வைத்தபின் பழைய கோழிகளிடம் செல்லலாம். திரும்பி வரும்போது காலையும் கையையும் கழுவ வேண்டும்.

கடையில் தரும் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021-இல் நோய்த்தடுப்புக்காக அழிக்கப்பட்ட பறவைகளுக்குக் கேரள அரசு இழப்பீடு அறிவித்தபோது, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், அதற்குட்பட்டதற்கு 100 ரூபாயும் நிர்ணயித்தது. வயதைப் பொறுத்துத் தொகை இரட்டிக்கும் இந்நிலையில் குஞ்சு வாங்கிய தேதிக்கு எழுத்துச் சான்று இருப்பது நன்று. பொரிப்பகத்தின் பெயர், பொரித்த நாள், எண்ணிக்கை, போடப்பட்ட தடுப்பூசி ஆகிய நான்கும் அச்சீட்டில் எழுதப்பட வேண்டும். பத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டு என்பதால் அதை அயல்கூட்டத்தின் குறிப்பேட்டில் ஒட்டிவைத்து, ஆறாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் ஐம்பத்தாறாம் நாளும் எந்தத் தேதியில் வருகின்றன என்பதை அதன் கீழேயே எழுதிக்கொள்ளலாம்; அந்தத் தேதிகளில் குளிர்குடுவையை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குச் செல்லப்போவது யார் என்பதையும் குஞ்சு வருமுன்பே முடிவு செய்து எழுதிக்கொள்ளலாம்.